பாறைக்கோ அப்படிப்பட்ட ஆள் இல்லை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஒரே கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

கோட்டைக் கதவு அது. எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளில் நான் பென்சிலால் வரைந்தது. கதவுக்குப் பின்னால் ஓர் அரக்கன் இருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு சுரங்கம், சுரங்கத்துக்கு அப்பால் காணாமல் போன இளவரசி, இளவரசிக்கு ஒரு ரகசியம். இதையெல்லாம் எழுதி முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இவர்கள் கதவைத் தாண்டினால்தானே!

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மலை எங்கே, ஆறு எங்கே, வழியில் எதிர்ப்படுகிறவன் யார், அவன் என்ன பேசுகிறான், எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் தலையில். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கிக்கொண்டு, அந்த ஆளாகவே பேசி, அந்த ஆளாகவே முடிவெடுக்க வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும்.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். விளையாட்டில் அவர் பாறைக்கோ. ஏழடி உயரம், மலை மாதிரி தோள், கையில் இருபுறமும் கூரான கோடாலி. இப்படி ஒருவனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்ததைக் கேளுங்கள்.

"பாறைக்கோ என்ன செய்றான்?" என்று கேட்டேன்.

"கதவைப் பாக்குறான்."

"பாத்துட்டு?"

"தட்டுறான்."

"ஏங்க, உள்ள அரக்கன் இருக்கான்னு போன வாரமே தெரிஞ்சுபோச்சு. அரக்கன் வீட்டுக் கதவை யாராவது தட்டுவாங்களா?"

"தட்டாம எப்படிம்மா உள்ள போறது?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து பதில் இல்லை என்றேன். "சரி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை தட்டுறான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே போனது. அதற்கு முந்தின வாரம் கீல் எந்தப் பக்கம், தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா, கதவு எந்த மரம் என்று முக்கால் மணி நேரம் விசாரணை. நான் வாயில் வந்த மரத்தைச் சொன்னேன். "அது ஈரத்துல உப்புமே" என்று தலையை ஆட்டினார்.

கதவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஒன்றரை வருடமாக இதே கதைதான். கயிற்றுப் பாலம் வந்தால் பாறைக்கோ கடைசியில் வருவான். கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள், அம்பு பறக்கிறது, ஆனாலும் "நீங்க எல்லாரும் போங்க, நான் வர்றேன்." பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கே, அவன் குணம் எழுதுகிற தாளில் குறித்து வைத்தேன். சத்திரத்தில் கட்டில் கொடுத்தால் தரையில் படுப்பான். சண்டை மூண்டால் எதிரியிடம் மன்னிப்புக் கேட்பான். ஒருமுறை எலும்புக்கூட்டுப் படையிடமே கேட்டான். எலும்புக்கூடுகளுக்கு அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற இருவரும் வேறு வகையில் என் உயிரை வாங்கினார்கள்.

ஒருவர் என் கொழுந்தன், கணவரின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார். ஞாயிறு மூன்று மணிக்கு, கூரை மேல் சிவப்புப் பலகை மாட்டிய அந்த ஸ்கூல் வண்டியிலேயே வந்து இறங்குவார். ஒன்றரை வருடமாக நான்தான் வண்டி கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று கீழ்வீட்டு அம்மா நம்புகிறார். விளையாட்டில் கொழுந்தன் ஒரு திருடன், பெயர் வழுக்கன். பாம்புப் புற்று கண்டால் கையை விடுவான். ராஜா பேசிக்கொண்டிருக்கும்போது ராஜாவின் மோதிரத்தைக் கழற்றுவான். ஏனப்பா இப்படி என்று கேட்டால் ஒரே பதில்: "என் கேரக்டர் அப்படி அண்ணி. நான் என்ன பண்றது?"

இன்னொருத்தி என் தங்கச்சி. ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. அவள் வேம்பி என்ற வைத்தியச்சி. வேம்பிக்கு நாற்பத்திரண்டு பக்க வாழ்க்கை வரலாறு எழுதி, ஸ்பைரல் போட்டு, அட்டையும் ஒட்டிக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். வழுக்கன் பாம்புக்கடியோடு கிடந்தபோது, "மருந்து போடுடி" என்றேன்.

"முடியாதுக்கா. பதினேழாம் பக்கத்துல சபதம் எடுத்திருக்கா. பொய் சொன்னவங்களைக் குணப்படுத்த மாட்டா."

"அவன் சாகப்போறான்டி!"

"அது அவன் பொய் சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

இவர்களைப் பற்றி எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் எழுதிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் மூக்கில் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளைப் போட்டும் எடுத்தும், "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்பவள். ஆட்களை எடை போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் கணக்கு இதுதான்: யார் எந்த வேஷம் போட்டாலும் கடைசியில் தன்னைத்தான் ஆடுகிறார்கள், அல்லது தனக்குக் கிடைக்காததை ஆடுகிறார்கள். கொழுந்தன் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை உயிர்ப்பயத்தில் மிதிப்பவர்; அதனால் வழுக்கன் குதிக்கிறான். தங்கச்சி எட்டு மணி நேரம் சோதனைக் குழாய்களோடு வாய் திறக்காமல் இருப்பவள். அதனால் வேம்பிக்கு நாற்பத்திரண்டு பக்கம். என் கணவரோ கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எதற்கும் குரல் உயர்த்தியதில்லை. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றாலும் "உன் இஷ்டம்", சாயங்காலம் எங்கே போகலாம் என்றாலும் "உன் இஷ்டம்". பாறைக்கோ என்பது ஏழடி உயரமுள்ள ஓர் "உன் இஷ்டம்". இதைத் தங்கச்சியிடம் போனில் விளக்கியும் இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறும் கதவடியிலேயே கழிந்த பிறகு, இருபது கேள்விகள் எழுதி மூன்று பிரதி எடுத்தேன். உங்கள் கேரக்டருக்கு எதைக் கண்டால் பயம்? யாரிடம் கோபம்? தனியாக இருக்கும்போது என்ன செய்வார்? பையில் எப்போதும் வைத்திருக்கும் பொருள் எது? கடைசியாக அழுதது எப்போது? இப்படிக் கேட்டால் ஆளுக்குள் இருக்கும் ஆள் வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

கொழுந்தன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே எழுதி முடித்தார். இருபதுக்கும் ஒரே விடை: "பாத்துக்கலாம்." தங்கச்சி எட்டாவது கேள்வியில் எழுத்துப்பிழை இருப்பதாகச் சிவப்பு மையில் திருத்தி, கூடுதலாக ஒன்பது பக்கம் இணைத்து அனுப்பினாள்.

கணவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். முதலில் தாள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பிறகு டூல்ஸ் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே பார்த்தேன். ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் நான்காக மடிந்திருந்தது. "எழுதியாச்சா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே வாய் வலித்தது. கடைசியில் கிரீஸ் கறையோடு கொண்டுவந்து நீட்டினார்.

பயம்: தெரியாது. கோபம்: தெரியாது. தனியாக இருக்கும்போது: சும்மா இருப்பான். பையில்: கயிறு. அழுதது: தெரியாது. மற்றதெல்லாமும் தெரியாது. இருபதாவது, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா: இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏங்க, ஒன்றரை வருஷமா அவனாவே இருக்கீங்க. அவனைப் பத்தி ஒரு வரி தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா எழுதறதுக்கென்ன?"

"கேள்வியா கேட்டா வர மாட்டேங்குதும்மா."

"வேற எப்படிக் கேக்கணும்? பாட்டாவா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நிமிடமே முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு ஒரு நாளைக்கு கேரக்டர்களை மாற்றி ஆடுவது. அவரவர் ஆளை இன்னொருவர் ஆடட்டும். தன் ஆள் வெளியிலிருந்து எப்படி இருக்கிறான் என்று பார்த்தாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம்.

போனில் சொன்னதும் தங்கச்சி குதித்தாள். "சூப்பர்க்கா. ஆனா நீயும் மாத்தணும். உன் நாற்காலியும் குலுக்கல்ல உண்டு."

"கதை நடத்துறவங்களை எப்படிடி மாத்தறது?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

ஞாயிறு மூன்று மணி. எவர்சில்வர் கிண்ணத்தில் நான்கு சீட்டு. எனக்கு வேம்பி விழுந்தாள். கணவருக்கு வழுக்கன். தங்கச்சிக்குப் பாறைக்கோ. கதை நடத்தும் நாற்காலி கொழுந்தனுக்கு. கதை எழுதி வைத்திருந்த என் நோட்டை அவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. கதவு வரைக்கும் உள்ள கதையை மட்டும் நடத்துங்கள், நோட்டைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினார். என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். "கோட்டை வாசல்ல ஒரு காவல்காரன் நிக்கிறான்" என்று தொடங்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலை நீட்டி, காவல்காரனாகப் பேசினார்:

"வாங்க, உக்காருங்க. இந்த வழியா, அந்த வழியா? எது தெளிவா இருக்கு? அவசரமில்ல, நல்லா பாத்து சொல்லுங்க. இப்ப? இப்ப பரவாயில்லையா? முன்னாடி இருந்ததே நல்லாயிருந்துச்சா?"

தங்கச்சிக்கு டீ மூக்கில் ஏறியது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஐயோ, அப்படியே அக்கா! சத்திரக்காரனும் இப்படித்தான் பேசினான், மந்திரவாதியும் இப்படித்தான் பேசினான்!"

"நான் அப்படியா பேசறேன்?" என்று கணவரைப் பார்த்தேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.

அந்தக் கடுப்பில் வேம்பியின் நாற்பத்திரண்டு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சபதம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். கணவர் வழுக்கனாக, "நான் நிழல்ல நிக்கிறேன்" என்றதோடு சரி. எல்லாம் தங்கச்சி கைக்குப் போனது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பாறைக்கோ கோடாலியை ரெண்டு கையாலயும் தூக்கறான். ஹோன்னு ஒரு சத்தம். கதவு மேல ஓங்கி ஒரே போடு!"

பகடை உருண்டது. பத்தொன்பது.

"கதவு தூள்!" என்று கத்தினார் கொழுந்தன். நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு வாரக் கதவு.

தங்கச்சி விடவில்லை. இடுப்பில் கையை ஊன்றி, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "டேய்! எவன்டா உள்ள? வெளிய வா, இல்ல தலை இருக்காது!" என்றாள்.

"இல்ல."

யார் சொன்னது என்று ஒரு கணம் புரியவில்லை. கணவர்தான்.

"அவன் அப்படிப் பேச மாட்டான்" என்றார்.

"மாமா, இன்னைக்குப் பாறைக்கோ நான்."

"நீ பாறைக்கோ இல்ல. கோடாலி வச்சிருக்குற யாரோ ஒரு ஆளு." அவர் எழுந்தே விட்டார். குரல் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "முதல்ல கோடாலியை அப்படிப் பிடிக்கவே மாட்டான். அது அவங்க அம்மாவோடது. அவங்க மரம் வெட்டுறவங்க. பிடியில அவங்க கை பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழன்னு இருக்கும். அந்த இடத்துல இவன் கை வைக்க மாட்டான். அதுக்குக் கீழதான் பிடிப்பான். கதவு மேல அந்தக் கோடாலி படவே படாது. கதவுங்கறது ஒருத்தன் உக்காந்து செஞ்ச பொருளு."

கொழுந்தன் என் கண்ணாடியைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

"டேய்னு யாரையும் கூப்பிட மாட்டான். சின்ன வயசுலயே இவன் இந்த உசரம். ஊர்ல எல்லாரும், டேய் இங்க வா, இந்த மூட்டையத் தூக்கு, டேய் அதைத் தூக்குன்னுதான் கூப்பிட்டாங்க. பேரே யாருக்கும் தெரியாது. அதனால எலும்புக்கூடா இருந்தாலும் மரியாதையாத்தான் பேசுவான். அப்புறம் அவனுக்குத் தொண்டை பெருசு. சாதாரணமா பேசினாலே குழந்தைங்க அழும். மெதுவா பேசணும்னு வருஷக்கணக்கா பழகிட்டு இருக்கான். நீ ஹோன்னு கத்தறே!"

"அண்ணே," என்றார் கொழுந்தன், "இதெல்லாம் எப்ப நடந்துச்சு?"

"எப்பவும் நடந்துட்டுத்தான் இருந்துச்சு. நீங்க யாரும் பாக்கல." இப்போது என் பக்கம் திரும்பினார். "பாலத்துல கடைசியா வந்தான்னு பயந்தாங்கொள்ளின்னு எழுதினியே. அவன் கனத்துக்குப் பாலம் அறுந்துச்சுன்னா? மத்தவங்க அக்கரையில இருக்கணும்ல? சத்திரத்துல ஏன் தரையில படுத்தான்? அந்தச் சின்னக் கட்டில் தாங்குமா? உடைஞ்சா அந்தக் கிழவர் வேற கட்டிலுக்கு எங்க போவாரு?"

அந்தச் சத்திரக்காரர் கிழவர் என்று நான் சொல்லியிருந்தேனா என்று எனக்கே நினைவில்லை. இவர் நினைவில் வைத்திருந்தார்.

தங்கச்சிதான் முதலில் வாய் திறந்தாள். முகம் சிவந்திருந்தது. "மாமா, நான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். வேம்பி கையில என்ன வச்சிருப்பான்னு அதுல ஒரு வரி இல்ல. நீங்க இதை எல்லாம் ஒரு தாள்ல எழுதித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"எழுதத் தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா? நீ தப்பா பண்ணப்போதான் எனக்கே வருது."

எனக்கோ எண்ணம் வேறு திசையில் ஓடியது. மடை திறந்துவிட்டது, இனி என் கணக்கும் சரியாகிவிடும் என்று தோன்றியது. இத்தனை தயக்கம், இந்தக் கதவு, இதற்குப் பின்னால் ஏதோ ஒரு விபத்து இருக்க வேண்டும். ஒன்பது வருடமாக என்னிடம் சொல்லாத ஏதோ ஒன்று. குரலைத் தணித்துக்கொண்டு, கடையில் வயதானவர்களிடம் பேசுவது போலக் கேட்டேன்.

"ஏங்க... வேலையில எப்பவாவது... ஒரு லிப்ட் கதவைத் திறக்கும்போது... ஏதாவது ஆச்சா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த சலிப்பை நான் இதுவரை கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா எல்லாத்தையும் பிடிச்சு என் மேல முடிச்சுப் போடறே? எனக்கு ஒண்ணும் ஆகல. நான் எத்தனை கதவு உடைச்சிருக்கேன் தெரியுமா உனக்கு? உள்ள மாட்டிக்கிட்டு ஒருத்தர் கத்தறப்ப தட்டிட்டு நிப்பேனா? கம்பியை விட்டு நெம்பித் திறந்துட்டுப் போயிட்டே இருப்பேன். போன வாரம்கூட ஒண்ணு வளைஞ்சுபோச்சு, ஆபீஸ்ல திட்டினாங்க. பாறைக்கோ மாதிரி என்னால ஒரு நாள்கூட இருக்க முடியாது. அவன் வேற ஆளு. நான் வேற ஆளு."

"அதான்க்கா," என்றாள் தங்கச்சி சட்டென்று. "அப்ப நீ சொன்னது தப்பு. பிரேக் மிதிக்கிறதால வழுக்கன் குதிக்கிறான்னியே, அதுவும் தப்பாத்தான் இருக்கும்."

"என்ன பிரேக்?" என்றார் கொழுந்தன்.

நான் அவளை முறைத்தேன். பிரயோஜனம் இல்லை. முழுக் கணக்கையும் அவள் அவரிடம் ஒப்பித்தாள், லேப், குழாய், வாய் திறக்காமை உட்பட. கொழுந்தன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணி, எனக்குக் குதிக்கிறது பிடிக்கும். அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் மனசு நொந்தது போலத்தான் தெரிந்தது. "அதுவும் நான் பிரேக்கை ரொம்ப மிதிக்கிறதில்ல. என்கிட்ட கத்துக்குற பசங்க நல்லாவே ஓட்டுவாங்க."

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்வது?

குலுக்கல் அத்தோடு முடிந்தது. அவரவர் ஆள் அவரவரிடம் திரும்பினார்கள். கொழுந்தன் எழுந்து, "இந்தாங்க அண்ணி உங்க நாற்காலி. அரக்கன் உங்க பொறுப்பு" என்று விலகிக்கொண்டார். பாறைக்கோ உடைக்கவே மாட்டான் என்றான பிறகு கதவு உடைந்தது செல்லாது என்றேன் நான். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பகடை விழுந்தது விழுந்ததுதான், விதிப் புத்தகத்தில் இந்தப் பக்கம், இந்த வரி என்று விரலை வைத்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் பத்து நிமிடம் வாதாடினோம்.

"விடும்மா," என்றார் கணவர். "உடைஞ்சது உடைஞ்சதாவே இருக்கட்டும். இப்ப அவன் என்ன செய்றான்னு சொல்றேன்."

மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். "அவன் கோடாலியைச் சுவர்ல சாய்ச்சு வைக்கிறான். கீழ குனிஞ்சு சிராய் எல்லாத்தையும் ஒதுக்கறான், யார் காலிலயும் ஏறக்கூடாதுன்னு. அப்புறம் வாசப்படியிலயே நிக்கிறான், உள்ள போகல. உள்ள பாத்துச் சொல்றான்: மன்னிக்கணும். தெரியாம உடைச்சுட்டோம். நாங்களே சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் போவோம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நோட்டைத் திறந்தேன். அரக்கனுக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தேன். பலம் இருபத்திரண்டு. பல் இருபத்தெட்டு. கதாயுதம், அதன் எடை, ஓர் அடிக்கு எத்தனை சேதம். முதல் சுற்றில் இடப்பக்கம் பாய்வான், இரண்டாம் சுற்றில் தூணைப் பிடுங்குவான். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வான் என்பது ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன்.

"அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் கணவர்.

"இருங்க."

"கோபமா இருக்கானா? தூங்கிட்டு இருந்தானா?"

"இருங்கன்னு சொல்றேன்ல!"

"தனியாத்தான் இருக்கானா, இல்ல..."

"எனக்குத் தெரியலங்க!" என்றேன். கத்தித்தான் சொன்னேன். சொன்ன பிறகு, கிரீஸ் படிந்த அந்தத் தாளில் பதினேழு முறை எழுதியிருந்த வார்த்தை அதுதான் என்று உறைத்தது. கணவருக்கும் உறைத்திருக்கும். அவர் அதைக் குத்திக்காட்டவில்லை. அது அவர் நல்ல குணம். எழுந்து போய் எல்லோருக்கும் இன்னொரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

டீ ஆறுகிற வரைக்கும் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அரக்கனின் பதில் ஒன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குரல் என் குரலாக இல்லை, அது மட்டும் நிச்சயம். சோம்பலான, மூக்கடைத்த குரல். "இந்த மலையில காத்து எப்படி அடிக்கும் தெரியுமா? இன்னைக்குள்ள முடியுமா உங்களால?"

பாறைக்கோ, முடியும் என்றான்.

அதன் பிறகு நடந்தது தச்சு வேலை. இரண்டு மணி நேரம்! காட்டில் மரம் தேர்ந்தெடுப்பது, பலகை அறுப்பது, சட்டம் சேர்ப்பது. எல்லாவற்றுக்கும் பகடை. வழுக்கன் அரக்கனின் கதாயுதத்தைத் திருடப் பார்த்து மாட்டிக்கொண்டான். தண்டனையாக ஆணி எடுத்துக் கொடுத்தான். வேம்பி அரக்கனின் மூக்கடைப்புக்கு மருந்து தந்தாள். அவன் இதுவரை பொய் சொல்லியதாக எந்தப் பக்கத்திலும் ஆதாரம் இல்லையாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு நின்றது. அரக்கன் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

ஆம். கதவு மறுபடி சாத்தியாயிற்று. எல்லோரும் வெளியே. சுரங்கம், இளவரசி, ரகசியம், என் ஒன்றரை மாதம், எல்லாம் உள்ளே. நான் மேசையில் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டேன். மற்ற மூன்று பேரும், இதுவரை ஆடியதிலேயே இன்றைக்குத்தான் ஆட்டம் நன்றாக இருந்தது என்று என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள்.

பேசாத மனிதரைப் பேசவைக்க ஆசைப்பட்டவள் நான்தான். இப்போது அனுபவிக்கிறேன். பல் தேய்த்துக்கொண்டே, நுரை வாயோடு, "பாறைக்கோவுக்கு நீச்சல் தெரியாது, சொன்னேனா?" என்கிறார். துணி மடிக்கும்போது, அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் கல்யாணத்துக்கு இவன் போகவில்லை, ஏனென்றால் பந்தல் உயரம் போதவில்லை என்கிறார். எழுதி வையுங்கள் என்று புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அது வெள்ளையாகவே இருக்கிறது.

நேற்று கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தை மாட்டி, முதல் வில்லை போட்டிருந்த நேரம். போன் விடாமல் அடித்தது. ஏதோ அவசரம் என்று எடுத்தேன். ஏதோ ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமிலிருந்து கணவர். பின்னால் மோட்டார் இரைந்தது.

"ஏம்மா, அந்த அரக்கனுக்கு அம்மா இருக்காங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? கஸ்டமர் இருக்காங்க."

"நீதான அரக்கன்? உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? யோசிச்சு வை. பாறைக்கோ கேக்கணும்னு இருக்கான்."

வைத்துவிட்டார். பெரியவர் சட்டத்துக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஆமா ஐயா" என்றேன்.

அடுத்த வில்லையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா இருந்தாள். அந்த மலைக்கு மறுபக்கம், தனிக் குகையில். காது சரியாகக் கேட்காது. அதனால் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கிற மாதிரிதான் பேசுவாள். மகனைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடைத்தால் சாயங்காலம் வரை விட மாட்டாள். பெரியவரின் பவர் எழுதும் சீட்டைத் திருப்பி, மறந்துபோவதற்குள் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டேன். அவர் பாவம், மங்கலான எழுத்துகளைப் பார்த்தபடி காத்திருந்தார்.